குடும்ப அட்டையில் மூன்று பெயர்

ஜூன் 3, செவ்வாய்

காலை 5.10, 7.45, 10.20. மதியம் 1.00, 3.30. மாலை 6.15. பிள்ளை மூச்சு விடுகிறதா என்று பார்த்தது: பதினொரு தடவை.

இந்த நோட்டு என் மகள் தாரிகா பால் குடிக்கும் நேரத்தைக் குறித்து வைக்க வாங்கியது. ஒரு மாதம் எழுதினால் போதும் என்றுதான் நர்ஸ் சொன்னார். நான் ஏழு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் பாதி காலியாகக் கிடக்கிறது. அந்தப் பாதியில் இனிமேல் பிரியா விஷயத்தை எழுதப் போகிறேன். எழுதாவிட்டால் எந்த இணையதளத்துக்கு எந்தப் பாஸ்வேர்டு கொடுத்தேன் என்பதே நினைவில் நிற்பதில்லை.

பிரியா என் தங்கை, இசக்கிப்பிரியா. பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். சுற்றுச்சூழல் பொறியியல்தான் படிப்பேன் என்கிறாள். அந்தப் பாடம் சில கல்லூரிகளில்தான் இருக்கிறது, எல்லாம் தூரம். அப்பாவும் அம்மாவும் உப்பளத்துக்குக் கூலிக்குப் போகிறவர்கள். அதனால் பீஸுக்கு வழி தேடுகிற பொறுப்பு என்னுடையது. நான் வீட்டில் சும்மாதானே இருக்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

உதவித்தொகைப் பக்கத்தில் பதிவு செய்ய அப்பாவின் போன் நம்பரைக் கொடுத்தது தப்பாகப் போயிற்று. ஓடிபி அவர் போனுக்குப் போகிறது. போன் சாப்பாட்டுப் பையில் இருக்கிறது. பை வரப்பு மேல், அப்பா பாத்திக்குள். நான் அம்மாவுக்குக் கூப்பிட்டு, அம்மா குரல் கொடுத்து, அப்பா உப்பு வாருவதை விட்டுக் கரையேறி, கைலியில் கையைத் துடைத்து, எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் பத்து நிமிடம் கடந்துவிடுகிறது. மூன்று தடவை இதே கதை. மூன்றாவது தடவை வந்ததையெல்லாம் சேர்த்து வாசித்தார். அதில் ஒரு லோன் விளம்பரத்தின் எண்ணும் இருந்தது.

நாளைக்கு என் நம்பரைப் போட வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

இதை ஒரு தடவை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

குடும்பத்தில் முதலில் பட்டப் படிப்புக்குப் போகிற பிள்ளைக்கு அரசு கல்விக் கட்டணத்தில் சலுகை தருகிறது. அதற்கு முதல் பட்டதாரிச் சான்று வேண்டும். எங்கள் வீட்டில் அதை வாங்கியது நான். அதில்தான் பி.இ. சிவில் படித்தேன். வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான் என்பதால் பிரியாவுக்கு அது கிடையாது.

ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தனி ஒதுக்கீடு இருக்கிறது, பீஸையும் அரசே கட்டும். பிரியா எட்டாவது வரை அரசுப் பள்ளிதான். ஒன்பதாவதுக்கு அரசு உதவி பெறும் தனியார் பள்ளியில் சேர்க்கச் சொன்னது யார்? நான்தான். அங்கே லேப் நன்றாக இருக்கிறது என்றேன். அப்பா ஒரு வார்த்தை கேட்காமல் டி.சி. வாங்கி வந்தார். இன்ஜினியர் பிள்ளை சொன்னால் சரியாக இருக்குமாம்.

இரண்டு கதவையும் நானே சாத்தியிருக்கிறேன். சாத்திவிட்டு டயப்பர் மடித்துக்கொண்டிருக்கிறேன்.

மூச்சு: பதினான்கு.

ஜூன் 14, சனி

அப்பா மதியம் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். ஊரில் இ-சேவை மையத்துக்குப் போய் முதல் பட்டதாரிச் சான்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். எப்படி எழுதினார்கள் என்று கேட்டேன். மையத்தில் இருந்த பெண் குடும்ப அட்டையைப் பார்த்து நிரப்பினாளாம். "வேற பிள்ளைங்க உண்டான்னு கேட்டா. கார்டுல இருக்கதுதாம்மான்னேன். கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு என் பெயரை அந்த அட்டையிலிருந்து எடுத்துவிட்டு இங்கே என் கணவரின் அட்டையில் சேர்த்தார்கள். இப்போது அங்கே அப்பா, அம்மா, பிரியா. மூன்று பெயர். கணினிக்கு அப்பாவுக்கு ஒரே பெண்.

சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன், தாரிகா அழுதாள், போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

அப்பாவுக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. தாரிகாவுக்கு மூக்கடைப்பு.

ஜூன் 22, ஞாயிறு

ஊருக்கு வந்திருக்கிறேன். இவருக்கு இந்த வாரம் துறைமுக யார்டில் இரவு ஷிப்ட், அதனால் நான்கு நாள் இங்கே. அம்மா தாரிகாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு எடை குறைவு என்றாள். அங்கன்வாடியில் போட்ட எடை சரியாகத்தான் இருக்கிறது, அட்டையில் பச்சைக் கோட்டுக்கு மேல். ஆனாலும் சாயங்காலம் மறுபடி அட்டையை எடுத்துப் பார்த்தேன்.

முன்னறைச் சுவரில் என் பட்டமளிப்பு போட்டோவைக் காணவில்லை. இருந்த இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிகிறது. கேட்டதற்கு, தூசி தட்டக் கழற்றினேன் என்றாள் அம்மா. பக்கத்திலேயே முருகன் காலண்டரில் ஒரு விரல் தூசி இருந்தது. சான்றிதழ் விசாரணைக்கு செவ்வாய்க்கிழமை ஆள் வருவார்களாம்.

ஜூன் 24, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கிராம நிர்வாக அலுவலர் பதினொன்றரைக்கு வந்தார். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்த பெண். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா அளத்திலிருந்து சீக்கிரம் வந்து குளித்து, வேட்டி சட்டையில் நின்றிருந்தார். அலுவலர் குடும்ப அட்டையைப் பார்த்தார், பிரியாவின் மார்க் ஷீட்டைப் பார்த்தார், பிறகு தாரிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார்.

"இவங்க?"

"மூத்த பிள்ள. கெட்டிக்குடுத்தாச்சு. டவுன்ல இருக்கு" என்றார் அப்பா.

"என்ன படிச்சிருக்காங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். யாரும் என்னைச் சொல்லும்படி கேட்கவில்லை, கண் ஜாடைகூடக் காட்டவில்லை. இதைக் கட்டாயம் எழுதி வைக்க வேண்டும்.

"பன்னிரண்டாவது" என்றேன்.

குரல் நடுங்கவில்லை. என் காதுக்கு அது பொய் மாதிரியே கேட்கவில்லை.

அவர் எழுதக் குனிந்தார். அந்த நேரத்தில் பிரியா டீயோடு வந்தாள். டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மேடம், எங்கக்கா பி.இ. சிவில். ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்ஷன். போட்டோவ எங்கம்மா அரிசி டிரம்முக்குப் பின்னால வச்சிருக்கா. எடுத்துட்டு வரவா?"

அலுவலர் சுவரில் இருந்த வெளுத்த சதுரத்தை ஏறிட்டுப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தாரிகா மட்டும் டீ டம்ளரைப் பிடிக்க எம்பிக்கொண்டிருந்தாள்.

"போட்டோ வேண்டாம்மா" என்றார் அவர். அட்டையைப் பார்த்து எழுதியதால் வந்த குழப்பம் என்று எடுத்துக்கொள்வதாகவும், தகுதியில்லை என்று எழுதி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்றும் அப்பாவிடம் சொன்னார். டீயை முழுவதும் குடித்தார். கிளம்பும்போது என்னிடம், "அந்தச் சலுகை நீங்க வாங்கினதா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "நானும் அதுலதான் படிச்சேன். என் தம்பிக்குக் கிடைக்கல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

வண்டிச் சத்தம் தேய்ந்தது.

"வாய அடக்கத் தெரியாதாட்டி உனக்கு? நாலு வருசத்துப் பீஸு" என்றார் அப்பா. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

பிரியா டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு நானும் படிச்சு முடிச்சு, ஒரு பிள்ளையத் தூக்கிட்டு வீட்ல இருந்தேன்னா, என்னையும் இல்லன்னுதான் சொல்லுவியளாப்பா?"

அப்பா பின்பக்கம் போய்க் கால் கழுவினார். ஏற்கெனவே குளித்த கால். வெகுநேரம் கழுவினார்.

ஜூன் 25, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டேன். பிரியா தன் அத்தானுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். இவர் மொட்டை மாடிக் கொடியில் தாரிகாவின் துணிகளைக் காயப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு பி.இ.ன்னு சொன்னாவ. நான் வெறும் டிப்ளமா. ரெண்டு நாளு தூக்கமில்ல எனக்கு. இப்பம் நீ பன்னெண்டாவதுங்குற. அப்போ நான் பயந்ததெல்லாம் வீணால்லா போச்சு, கனி?"

சிரித்துவிட்டேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அலச வேண்டிய துணி கொஞ்சம் இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

இந்த ஒரு வாரத்தில் பார்த்தவை:

ஒரு டிரஸ்ட், தந்தை இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும். இன்னொன்று தொண்ணூற்றைந்து விழுக்காட்டுக்கு மேல், பிரியா தொண்ணூற்றொன்று. ஒரு கம்பெனி தன் லாரி டிரைவர்களின் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது. ஒன்று கம்ப்யூட்டர் படிப்புக்குத்தான். ஒன்றில் எல்லாப் பொறியியலும் இருக்கிறது, சுற்றுச்சூழல் மட்டும் பட்டியலில் இல்லை. 'இதர' என்று போடலாமா என்று மெயில் அனுப்பியிருக்கிறேன். தொழிலாளர் நலவாரியத்தில் அப்பாவுக்கு அட்டை இருந்தது, அதில் பிள்ளைகள் படிப்புக்குக் கொஞ்சம் கிடைக்கும். புதுப்பித்து நான்கு வருடம் ஆகிறது.

மதுரையில் ஒரு டிரஸ்ட் கல்லூரியில் சேர்ந்ததற்கான சான்று கேட்கிறது. சேர்வதற்குத்தானே பணம் கேட்கிறோம் என்று போன் பண்ணிக் கேட்டேன். அந்தப் பக்கம் இருந்த அம்மா சிரித்துவிட்டார். "எங்களுக்கும் புரியுதும்மா. ஃபார்ம் அடிச்சவங்களுக்குப் புரியல" என்றார். பத்து நிமிடம் பேசினோம். வைக்கும்போதுதான் உறைத்தது, தாரிகா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள், நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. ஓடினேன். நன்றாகத்தான் தூங்கினாள்.

மூச்சு: ஆறு.

ஜூலை 5, சனி

கிடைத்தது. நீர்நிலம் அறக்கட்டளை, கோயம்புத்தூர். பொறியியல், சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கப்போகும் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும், கல்லூரிக்கே நேராகக் கட்டிவிடுவார்கள். இடம் ஒதுக்கீடு ஆவதற்கு முன்பே விண்ணப்பிக்கலாம். சாதி, தந்தை, மதிப்பெண் என்று தனி நிபந்தனை ஒன்றுமில்லை. வருமானச் சான்றும், 'உங்கள் ஊரின் ஒரு பிரச்சினை' பற்றி இரண்டு பக்கமும். கடைசி நாள் ஜூலை 15.

மாநிலம் முழுவதும் பன்னிரண்டு பேருக்குத்தான். இதை இவரிடம் சொல்லவில்லை. பிரியாவிடமும் சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இரண்டு பக்கத்தை நானே எழுதினேன், ஆங்கிலத்தில். நிலத்தடி நீர், கடல் நீர் ஊடுருவல், நீடித்த வளர்ச்சி எல்லாம் வருகிறது. மூன்று நாள் உழைப்பு. எழுதும்போது பழைய பாடமெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. இவ்வளவும் எங்கே கிடந்தது?

பிரியாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"நல்லா இருக்குக்கா. ஆனா இதுல நீதான இருக்க. நான் எங்க இருக்கேன் இதுல?"

கோபம் வந்தது. எனக்கு யாரிருந்தார்கள் இப்படி எழுதிக் கொடுக்க என்று கேட்டுவிட்டேன். அவள், சனிக்கிழமை வர முடியுமா, ஒன்று காட்ட வேண்டும் என்றாள்.

ஜூலை 12, சனி

காட்டினாள். என் இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கை. கரையான் தின்றிருக்கும் என்று நினைத்திருந்தேன். பிளாஸ்டிக் உறை போட்டு, தன் புத்தகங்களோடு வைத்திருக்கிறாள். ஊரைச் சுற்றிப் பதினாறு கிணறுகளில் நீரெடுத்து உப்பின் அளவு பார்த்தோம் அப்போது. என்னோடு படித்தவர்கள் மூன்று பேர், நான்கு கிணற்றோடு முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். நான்தான் பதினாறும் வேண்டும் என்று அடம்பிடித்தேன். வாளி தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தது பன்னிரண்டு வயதுப் பிரியா. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

ஐந்து வருடம் கழித்து அவள் தனியாக அதே கிணறுகளுக்குப் போயிருக்கிறாள். பேனா மாதிரி இருக்கும் மலிவு மீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, என் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் தன் எண்ணை எழுதியிருக்கிறாள். பதினொன்று முடிந்திருந்தது. மீதி ஐந்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

தாரிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். தலைக்கு என் துப்பட்டா. இரண்டு கிணறுகளை மூடி மேலே வீடு கட்டிவிட்டார்கள். ஒன்றில் முன்பு குடிக்கலாம் போல இருந்த தண்ணீர், இப்போது மீட்டரை வைத்ததும் எண் விறுவிறுவென்று ஏறியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. ஆனால் அதிலிருந்து அறுபதடி தள்ளியிருக்கும் கோயில் கிணறு அன்றைக்கு இருந்ததைவிட நன்றாக இருக்கிறது. மீட்டர் பழுதா என்றாள் பிரியா. இல்லை, ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்றேன். பக்கத்தில் ஊருணியைத் தூர் வாரியிருந்தார்கள். இரண்டு வருடம் ஆகிறதாம். மழைநீர் நின்று இறங்கியிருக்கும். சரிதானா என்று பார்க்க அடுத்த கிணற்றுக்கு வேகமாக நடந்தோம். நான் முன்னால் போனேன். "மெதுவாப் போ, பிள்ள குலுங்குது" என்று பிரியா பின்னால் இருந்து கத்தினாள். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது அப்பா வாசலில் நின்றார். அலுவலர் வந்து போனதிலிருந்து பிரியாவோடு சரியாகப் பேசாதவர். எங்கள் இருவரையும் பார்த்தார். என் கையிலிருந்த மீட்டரை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அளத்துத் தண்ணியில வச்சா என்ன காட்டும்?" என்று கேட்டார். அதற்கு இதில் எண் பத்தாதுப்பா என்றேன். "அத நாங்க கையில தொட்டே சொல்லுவோம்" என்றார். பிரியா உடனே நோட்டை எடுத்து, எப்படி என்று சொல்லுங்கள் என்று உட்கார்ந்துவிட்டாள்.

பால் நேரம் இன்று எழுத விட்டுப்போயிற்று.

ஜூலை 14, திங்கள்

அனுப்பிவிட்டோம். தமிழில், அவள் கையெழுத்தில், அவள் எழுதியது. பதினாறு கிணற்றின் அட்டவணை கூட இணைப்பு. நான் இரண்டு எழுத்துப் பிழை மட்டும் திருத்தினேன். மூன்றாவது ஒன்றைப் பார்த்தும் விட்டுவிட்டேன்.

அதில் ஒரு கட்டம், குடும்பத்தில் உள்ளவர்களின் கல்வித் தகுதி. அப்பா ஐந்தாவது, அம்மா பள்ளி செல்லவில்லை, அக்கா பி.இ. என்று எழுதியிருந்தாள். அக்கா பெயரை இரண்டு தடவை அழுத்தி எழுதியிருக்கிறாள், பேனா மையில்லாமல் திக்கியதாம்.

ஜூலை 24, வியாழன்

வீடியோவில் நேர்காணல். ஊரில் சிக்னல் இல்லாததால் பிரியா இங்கே வந்தாள். தாரிகாவைத் தூக்கிக்கொண்டு நான் அடுப்படியில் நின்றேன், இந்தப் பக்கம் கேட்கத்தான் செய்யும்.

அந்தப் பக்கத்துப் பெரியவர் கேட்டார், முதல் அளவு எடுத்த கே. சண்முகக்கனி யார் என்று. "எங்கக்கா சார்." பிறகு, கிணறு மூடிய இடங்களையும் ஏன் பட்டியலில் விட்டுவைத்தாய் என்றார். "மூடிட்டாங்கங்கறதும் ஒரு அளவுதானே சார்" என்றாள். அவர் எதையோ குறித்துக்கொண்டார். சரியாகச் சொன்னாளா, அதிகப்பிரசங்கித்தனமாகிவிட்டதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஜூலை 30, புதன்

கவுன்சலிங்கில் இடம் வந்துவிட்டது. கோயம்புத்தூர் பக்கம். ஆகஸ்ட் 8க்குள் பணத்தோடு சேர வேண்டும். அறக்கட்டளையிலிருந்து ஒன்றும் வரவில்லை. மதுரை அம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே சான்று கொடுத்தால் செப்டம்பரில்தான் கிடைக்குமாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மெயில் பார்க்கிறேன். அப்பா, "கெடைக்கலன்னா பக்கத்துல பி.எஸ்சி.யில சேத்துருவோமா?" என்று என்னிடம்தான் கேட்டார். பிரியாவிடம் கேட்கச் சொன்னேன். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

வந்துவிட்டது. நான்கு வருடத்துக்கும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. அப்பாவுக்குச் சொன்னபோது அவர் பாத்தியில் இருந்தார். போனை அம்மா அவர் காதில் பிடித்தாளாம். காற்றுச் சத்தமும், பக்கத்துப் பாத்தியில் யாரோ உப்பு வாருகிற சத்தமும்தான் கேட்டது. ஹாஸ்டலுக்கு இவர் யார்டில் முன்பணம் கேட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறோம். பஸ்ஸில் தாரிகா அழவேயில்லை, அப்பாவின் மடியிலேயே தூங்கிவிட்டாள்.

கல்லூரி அலுவலகத்தில் நீள வரிசை. கவுண்டரில் இருந்தவர் அறக்கட்டளைக் கடிதத்தை வாங்கி முத்திரை குத்தினார். பிறகு அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒருவர் பெயர் கேட்டார். அப்பாவின் போன் சாப்பாட்டுப் பையில் இருக்கும் என்பதால் என் பெயரைக் கொடுத்தோம்.

"அக்காங்களா. தொழில் என்னங்க? ஹவுஸ் வைஃப்னு போட்டுக்கறேன்."

பிரியா என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் பேசப் போவதில்லை என்று புரிந்தது. நான் பேனாவைத் தேடிப் பையைத் துழாவினேன்.

பின்னால் தாரிகாவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற அப்பா, கூட்டத்தில் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"அது இன்ஜினியர் சார். என் மூத்த மவ. பிள்ள பொறந்துருக்கதால இப்பம் கொஞ்ச நாளா வீட்ல இருக்கு. அப்பிடியே எழுதுங்க."

"அவ்வளவுக்கு இடமில்லைங்க" என்றார் அவர். பேனாவை ஒரு நொடி நிறுத்தி யோசித்துவிட்டு, இன்ஜினியர் என்று மட்டும் எழுதி, சரியா என்று பார்க்கக் காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.